வராத அம்மை

ஏசி மெக்கானிக்குக் கோடை வந்துவிட்டால் கால் தரையில் பாவாது. ஊரில் இருக்கும் ஏசிகளெல்லாம் பேசி வைத்துக்கொண்டதுபோல் ஒரே வாரத்தில் மக்கர் பண்ணும். பள்ளிக்கூடத்துக்கு நீண்ட லீவு விடுவதும் அப்போதுதான். அதனால் கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் அவர்கள் குடும்பமாக ஒரு நாள்கூடச் சுற்றுலா போனதில்லை. மகள் நாலாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், இன்னும் கடலைப் பார்த்ததில்லை.

"இந்த வருஷம் போறோம். வெயில் குறைஞ்சதும் போறோம். என்ன ஆனாலும் சரி" என்றான் மெக்கானிக்.

அவன் மனைவி கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். லென்ஸை ஃபிரேமின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. இம்மி பிசகினால் லென்ஸ் தெறித்துவிடும். எதையும் இரண்டு தடவை பார்க்கிற சுபாவம் அவளுக்கு அங்கேதான் வந்தது.

"வெயில் குறைஞ்சா ஸ்கூல் நடக்குமே" என்றாள்.

பள்ளியில் அந்த விஷயத்தில் கண்டிப்பு அதிகம். டைரியின் முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்: சுற்றுலாவுக்கு விடுப்பு கிடையாது. மீறினால் முதல் தடவை மன்னிப்புக் கடிதம், இரண்டாம் தடவை டி.சி. முந்தின வருஷம் ஒரு கல்யாணத்துக்காக நாலு நாள் போனபோது, துக்கம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

"போன வருஷமே எங்க பெரியப்பாவைச் சாகடிச்சாச்சு. அந்த மனுஷன் தினமும் காலையில ஜம்முனு வாக்கிங் போயிட்டிருக்காரு. இந்த வருஷம் யாரைக் கொல்றது?" என்றாள்.

"யாரும் சாக வேணாம். அம்மை போட்டிருக்குன்னு சொல்லு. 'வராதே'ன்னு அவங்களே சொல்லிடுவாங்க. ரெண்டு வாரத்துக்கு யாரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க."

அவள் சிரித்துவிட்டாள். நல்ல யோசனையாகத்தான் பட்டது. அந்தச் சிரிப்பு பின்னால் அவளுக்குப் பல தடவை ஞாபகம் வந்தது.

திங்கட்கிழமை காலை, பஸ் ஊரைத் தாண்டியதும் கிளாஸ் டீச்சருக்குச் செய்தி அனுப்பினாள். உடனே பதில் வந்தது. "அடடா, பாவம் வாலு. நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும். பாடத்தைப் பத்தி நீங்க கவலையே படாதீங்க." மகளுக்கு வாலு என்ற பட்டப் பெயரை வைத்ததே அந்த டீச்சர்தான். வகுப்பில் ஒரு நிமிஷம் ஓரிடத்தில் உட்கார மாட்டாள் என்று வைத்தது. வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது.

லாட்ஜ் கடலைப் பார்த்தபடி நின்றது. சீசன் இல்லாததால் அவர்களைத் தவிர யாரும் இல்லை. நீச்சல் குளத்தில் தண்ணீரை இறைத்துவிட்டிருந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு மேஜையை மட்டும் துடைத்து, மற்றவற்றின் மேல் நாற்காலிகளைக் கவிழ்த்திருந்தார்கள். கரையில் ஒரு சிவப்புக் கொடி காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.

"கடல்ல இறங்கிடாதீங்க சார். இந்த மாசத்துல காவலுக்கு ஆள் போட மாட்டாங்க" என்றார் மேனேஜர். பிறகு வாலுவைப் பார்த்துக் குனிந்தார். "ஏன் பாப்பா, உனக்கு ஸ்கூல் இல்லையா?"

"எனக்கு அம்மை போட்டிருக்கு அங்கிள்" என்றாள் வாலு, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். பஸ்ஸில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

மேனேஜர் சட்டென்று இரண்டடி பின்னால் போனார். மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தான். விஷயத்தைச் சொல்லிச் சமாளிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. சாவியைக் கையில் கொடுக்காமல் மேஜைமேல் வைத்தார்.

மத்தியானம் பள்ளி அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது. தொற்று நோய் என்பதால் மற்றப் பெற்றோரை எச்சரிக்க வேண்டும், டாக்டர் சீட்டோ குழந்தையின் படமோ அனுப்பவும்.

"இப்ப என்ன பண்றது?" என்றாள்.

"உன் லிப்ஸ்டிக்கை எடு" என்றான் மெக்கானிக்.

ஜன்னல் பக்கம் மகளை உட்காரவைத்து, தீக்குச்சி முனையில் லிப்ஸ்டிக்கைத் தொட்டுத் தொட்டு நெற்றியிலும் கன்னத்திலும் கழுத்திலும் புள்ளி வைத்தான். கம்ப்ரசர் வேலை செய்கிற அதே கவனம். ஒவ்வொரு புள்ளியின் நடுவிலும் ஒரு துளி வாசலின் வைத்தான், நீர் கோர்த்ததுபோல் மினுங்குவதற்கு. வாலுவுக்கு ஒரே கிச்சுகிச்சு.

"சிரிக்காதடி. மூஞ்சியைச் சோகமா வை. பாதிக் கண்ணு மூடு. ஆங், அப்படித்தான்."

லாட்ஜின் பெயர் போட்ட தலையணை உறையைத் திருப்பிப் போட்டுப் படம் எடுத்தான். அவள் அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தாள். படத்தில் இருந்தது காய்ச்சலில் கிடக்கிற ஒரு குழந்தைதான். பொய் என்று தெரிந்திருந்தும் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ச்சியாக இருந்தது.

"அனுப்பிட்டேன்" என்றான் அவன்.

அலுவலகத்தில் அந்தப் படத்தை அப்படியே வகுப்பின் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் செய்திகள் குவிந்தன. என் பையன் முதுகில் இரண்டு சிவப்புப் புள்ளி இருக்கிறதே என்றார் ஒருவர். பக்கத்தில் உட்கார்ந்தது யார் என்று கேட்டார் இன்னொருவர். செவ்வாய்க்கிழமை வகுப்பில் பாதிக் குழந்தைகள் வரவில்லை.

"பாத்தியா, நம்ம புண்ணியத்துல பாதி கிளாஸுக்கு லீவு" என்று மெக்கானிக் ஜோக் அடித்தான்.

அன்று மத்தியானம் கணவனும் வாலுவும் கரையில் இருந்தபோது டீச்சரிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. அவள் பால்கனியில் நின்று அதைக் கேட்டாள்.

"வாலு அம்மா, நான் டீச்சர் பேசறேன். வாலு எப்படி இருக்கா? சொறிய விடாதீங்க, தழும்பு விழுந்துடும். அப்புறம், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். இன்னும் யார்கிட்டயும் சொல்லல. எனக்கு இப்ப மூணாவது மாசம். சின்ன வயசுல எனக்கு அம்மை வந்ததே இல்ல. வெள்ளிக்கிழமை பெல் அடிச்சதும் வாலு ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடிச்சுட்டுப் போனா. கொப்புளம் முதல்ல எப்ப தெரிஞ்சதுன்னு டாக்டர் கேக்கறாங்க. கொஞ்சம் சரியா ஞாபகப்படுத்திச் சொல்றீங்களா? பயப்பட ஒண்ணுமில்ல. சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

பயப்பட ஒண்ணுமில்ல என்கிற இடத்தில் அந்தக் குரல் இறங்கிப் போயிருந்தது. வெள்ளிக்கிழமை வாலு கட்டிப்பிடித்தது கடலுக்குப் போகிற குஷியில்.

கணவன் வந்ததும் அவனுக்கும் போட்டுக் காட்டினாள். "ஏங்க, சொல்லிடலாங்க. பாவம், பிள்ளைத்தாச்சி."

"சொன்னா? அந்தப் படத்தை எப்படி எடுத்தோம்னு கேப்பாங்க. போன வருஷத்துத் துக்கமும் வெளியில வரும். நேரா டி.சி.தான். வருஷ நடுவுல எந்த ஸ்கூல்ல சேப்பே?" அவன் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னான். "இல்லாத அம்மை எப்படி ஒட்டும்? அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நாலு நாள் பயப்படுவாங்க, அப்புறம் தானா சரியாயிடும்."

அவன் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. இல்லாத நோய் ஒட்டாதுதான். தேதியைத் தள்ளிச் சொன்னால் டீச்சருக்குப் பயம் குறையும் என்று நினைத்து, "ஞாயித்துக்கிழமை சாயங்காலம்தான் முதல் கொப்புளம் பார்த்தோம்" என்று அனுப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "கொப்புளம் வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே ஒட்டுமாம். சரி, பரவாயில்ல. தேங்க்ஸ்மா."

வெள்ளியிலிருந்து ஞாயிறு. இரண்டே நாள். அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள்.

புதன்கிழமை காலை கடல் முந்தின நாளைவிட மோசமாக இருந்தது. அலை வந்து கொடிக் கம்பத்தின் அடியைத் தொட்டுவிட்டுப் போனது. மூவரும் மேட்டில் உட்கார்ந்திருந்தார்கள். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"வணக்கம்மா. நான் டீச்சரோட வீட்டுக்காரர் பேசறேன்." நிதானமான குரல். அச்சகத்தில் வேலை பார்ப்பவர், இவர்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளித்தான் அவர்கள் வீடு. எப்போதாவது டீச்சரை ஸ்கூட்டரில் இறக்கிவிட வரும்போது பார்த்திருக்கிறாள். "தொந்தரவுக்கு மன்னிக்கணும். ரத்தத்துல பாத்தாங்க, அவளுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லையாம். ஒரு ஊசி போடணும்ங்கறாங்க. அது இங்க கிடைக்கல. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும், பஸ்ல நாலு மணி நேரம்."

"ம்" என்றாள். மெக்கானிக் ஃபோனோடு காதை ஒட்டிக்கொண்டான்.

"நேத்துலேர்ந்து அவளுக்கு லேசா ரத்தம் படுது. அலையக் கூடாதுன்னு ஒரு டாக்டர் சொல்றாரு, ஊசி போட்டே ஆகணும்னு இன்னொருத்தர் சொல்றாரு. எங்களுக்கு முதல் குழந்தை அஞ்சாம் மாசத்துல போயிடுச்சு. அதனாலதான் உங்களைக் கேக்கறேன். பாப்பாவுக்கு வந்தது அம்மைதானா? டாக்டர் பாத்து உறுதியாச் சொன்னாரா? வேர்க்குருவோ வேற அலர்ஜியோன்னா நாங்க கிளம்பவே வேணாம்."

அவரே கதவைத் திறந்து வைத்துவிட்டு நின்றார். வேர்க்குருதான், நாங்கள்தான் பயந்துவிட்டோம் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். யாருக்கும் எந்தப் பாதகமும் இல்லை. அது அவளுக்கு அந்த நிமிஷத்தில் தோன்றவில்லை. கணவன் கையை ஆட்டி, 'மாத்தாதே, மாத்தாதே' என்று சைகை காட்டியது மட்டும்தான் கண்ணில் பட்டது.

"அம்மைதாங்க" என்றாள். "டாக்டர் பாத்துச் சொன்னாரு."

ஒரு அலை மேட்டில் மோதிச் சரிந்தது.

"அங்க என்ன சத்தம்? மழையா?"

"ஆமாங்க. மழை."

"இங்க நல்லா வெயில் காயுதே" என்றார். பிறகு யாரோ உள்ளேயிருந்து கூப்பிட்ட சத்தம் கேட்டது. "சரிம்மா. அப்ப நாங்க கிளம்பறோம். பாப்பாவைப் பாத்துக்கோங்க."

மெக்கானிக் மூச்சுவிட்டான். "அவ்வளவுதான். ஊசி போட்டா நல்லதுதானே. தெம்பாயிடுவாங்க." அவன் சொன்னது அவனுக்கே ஒட்டவில்லை. எழுந்து டீ வாங்கப் போனான்.

அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அரை மணி நேரம் இருக்கும். மணலைக் குவித்துக்கொண்டிருந்த வாலு திரும்பிப் பார்த்தாள்.

"டீச்சருக்கு என்னம்மா?"

"அம்மை வந்துடுமோன்னு பயப்படறாங்க."

"எனக்குத்தான் அம்மையே இல்லையே. அதைச் சொன்னா பயப்பட மாட்டாங்கல்ல?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்த வேகத்தில் செருப்பைக்கூடப் போடவில்லை. டீச்சர் எண்ணுக்கு அடித்தாள். அணைத்து வைத்திருந்தது. கணவர் எண்ணுக்கு அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி, மறுபடி. கடைசியில் அவர் எண்ணுக்கே குரல் செய்தியாகச் சொன்னாள்: "ஐயா, அம்மை இல்லைங்க. எதுவுமே இல்ல. நாங்க ஊர் சுத்த வந்திருக்கோம். லிப்ஸ்டிக்ல புள்ளி வெச்சுப் படம் எடுத்தோம். டீச்சருக்கு ஒண்ணும் ஒட்டாது. தயவுசெஞ்சு போகாதீங்க. திரும்பிடுங்க."

செய்தி போய்ச் சேரவில்லை. டீக் கிளாஸ்களோடு வந்த மெக்கானிக் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு கிளாஸ்களை அங்கேயே வைத்தான். அறைக்குப் போய்ப் பெட்டியைக் கட்டினான். இவர்கள் பஸ் பாதி வழி வந்தபோதுதான் அவர் அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டதாக ஃபோன் காட்டியது. அழைத்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

இரண்டு நாள் கழித்து, டீச்சரை அங்கே சேர்த்திருப்பதாக வகுப்புக் குழுவில் பார்த்ததும், அவள் கடைக்கு லீவு சொல்லிவிட்டுத் தனியாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். பெண்கள் வார்டுக்கு வெளியே ஒரு நீண்ட பெஞ்சு. டீச்சரின் கணவர் அதில் உட்கார்ந்து, கையிலிருந்த மருந்துச் சீட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்றதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை.

"நேத்துக் காலையில போயிடுச்சு" என்றார்.

அவர் சீட்டைச் சட்டைப் பையில் வைத்தார்.

"பஸ்ஸாலதானான்னு டாக்டரைக் கேட்டேன். சொல்ல முடியாதுங்கறாரு. வீட்டுல படுத்திருந்தாலும் நடந்திருக்கலாம்னாரு. நீங்க அதைப் பிடிச்சுக்கோங்க. நானும் அதைத்தான் பிடிச்சுட்டிருக்கேன்." குரல் உயரவே இல்லை. "நீங்க மழைன்னு சொன்னீங்கல்ல. அப்பவே எனக்கு உறைச்சுது. நாலு தெரு தாண்டி எப்படி மழை பெய்யும்? ஒரு நடை வந்து உங்க வீட்டுக் கதவைத் தட்டியிருந்தா பூட்டு தொங்கறதைப் பாத்திருப்பேன். தட்டல."

"ஐயா, நான்..."

"வேணாம்மா. அழாதீங்க. உங்க மெசேஜை அவ கேக்கல. அழிச்சுட்டேன். ஒண்ணுமில்லாததுக்கு இந்த பஸ்ல வந்தோம்னு தெரிஞ்சா அவ தாங்க மாட்டா. உள்ள போறதுன்னா போங்க. ஆனா பாப்பாவுக்கு அம்மைதான். இப்ப தேவலை. அவ்வளவுதான் நீங்க பேசணும்."

அவள் உள்ளே போனாள். டீச்சர் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். திரும்பியபோது முகம் சின்னதாகியிருந்தது. உட்காரச் சொன்னாள். வாலுவுக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்டாள். விட்டுவிட்டது என்றாள் இவள். அரிப்பு? குறைந்துவிட்டது. முகத்தில்? காய்ந்து உதிர ஆரம்பித்துவிட்டது.

டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாலுகிட்ட இதையெல்லாம் சொல்லிடாதீங்க. பெரியவளானதும் தெரியவந்தா, டீச்சருக்கு உன்மேல கோபமே இல்லன்னு சொல்லுங்க. ஆசையா வந்து கட்டிக்கிட்டா. குழந்தைக்கு என்ன தெரியும்?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். வாயைத் திறந்தால் எல்லாம் கொட்டிவிடும் என்று பயமாக இருந்தது. வெளியே வந்தபோது அவர் பெஞ்சில் இல்லை.

மிச்சமிருந்த நாட்கள் வாலுவை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்கள். வாசல் மணி அடித்தால் அவள் தானாகவே ஓடிப்போய்ப் போர்த்திப் படுத்துக்கொண்டாள். தோழிகள் ஃபோன் பண்ணினால், முதலில் முதுகில்தான் அரித்தது, அப்புறம் காதுக்குப் பின்னால், ராத்திரியெல்லாம் தூங்கவே முடியவில்லை என்று விவரம் விவரமாகச் சொன்னாள். யாரும் சொல்லிக் கொடுக்காத விவரங்கள். மெக்கானிக் அதைக் கேட்கும்போதெல்லாம் ஏதோ வேலை இருப்பதுபோல் மாடிக்குப் போய்விடுவான்.

பள்ளிக்குத் திரும்பிய முதல் நாள் சாயங்காலம் வாலு பையை வைத்துவிட்டு, சாப்பிட எதுவும் கேட்காமல் உட்கார்ந்தாள்.

"புது டீச்சர் வந்திருக்காங்க" என்றாள். "என் பெஞ்சுல யாரும் உக்காரல. உன்னாலதான் டீச்சரோட பாப்பா செத்துப்போச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. உன் அம்மைதான் கொன்னுச்சுன்னாங்க."

"நீ என்ன சொன்னே?"

"ஆமான்னு சொன்னேன்."

"ஏண்டி? ஏன் அப்படிச் சொன்னே?"

"யார் கேட்டாலும் அம்மைன்னுதானே சொல்லச் சொன்னீங்க?" என்றாள் வாலு. "நான் மாத்தவே இல்லம்மா."

அவள் மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். மெக்கானிக் வாசலில் ஒரு கால் செருப்போடு நின்றுகொண்டிருந்தான்.

"நாளைக்கு ஸ்கூலுக்குப் போய்ச் சொல்லப்போறேன்" என்றாள் அவனிடம்.

"டி.சி. குடுத்துடுவாங்க."

"குடுக்கட்டும்."

"அந்தம்மாவுக்குத் தெரிஞ்சுடும். அவரு கெஞ்சிக் கேட்டுக்கிட்டாரே."

அதைத்தான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆயிரம் யோசித்தாலும் வாலு, டீச்சர் இரண்டு பேரையும் காப்பாற்ற வழி இல்லை. டீச்சரின் கணவருக்கு ஃபோன் போட்டு, பள்ளியில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அச்சு இயந்திரம் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

"பாப்பாமேல அந்தப் பழி இருக்கக் கூடாது" என்றார். "வேற யார் மூலமாவும் அவ கேள்விப்படவும் கூடாது. காலையில பத்து மணிக்கு நானே அவகிட்ட சொல்றேன். அதுக்கு முன்னாடி நீங்க ஸ்கூலுக்குள்ள போகாதீங்க."

மறுநாள் பத்தரைக்கு அவள் தலைமை ஆசிரியையின் அறையில் உட்கார்ந்திருந்தாள். மெக்கானிக்கும் வந்திருந்தான். வரமாட்டான் என்றுதான் நினைத்திருந்தாள். லிப்ஸ்டிக் விஷயத்தை அவளைச் சொல்ல விடாமல் அவனே சொன்னான். முடிந்ததும் தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இதெல்லாம் டீச்சருக்குத் தெரியுமா?"

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இந்நேரம் தெரிஞ்சிருக்கும்" என்றாள்.

வெளியே இடைவேளை மணி அடித்தது. குழந்தைகள் கூச்சல் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு ஓடினார்கள். மேஜைமேல் இருந்த தலைமை ஆசிரியையின் ஃபோன் மெல்ல அதிர ஆரம்பித்தது. அவர் அதில் வந்த பெயரைப் பார்த்தார். பிறகு அவர்கள் இருவரையும் பார்த்தார். எடுக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.